ஆமைப்பூட்டு

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு
கடன் கொம்பனிப் பெடியனின் மோட்டச்சைக்கிள்
இரணைப்பாலை ஒழுங்கைக்குள் திரும்பும்.
ஏழு மணிக்கே மகள்
வெளியில் ஆமைப்பூட்டைக் கொழுவி,
திறப்பைச் செவ்வரத்தைச் சாடிக்குக் கீழே வைத்துவிட்டு
பள்ளிக்கூடம் போயிருப்பாள்.

உள்ளே நான்,
வீட்டுத்திட்டச் சீமெந்துத் தரையில்
மூச்சைச் சுருட்டிக்கொண்டு.
வீட்டில் ஆளில்லை என்று காட்டவும்
ஒரு ஆள் வேண்டியிருக்கிறது பாருங்கோ.

ஞாயிறு பூசையில்
சாரிபாத்துப் பெண்ணின் கதை வாசித்தார்கள்.
பஞ்சத்தில் விறகு பொறுக்கியவள்.
பிள்ளைக்கும் தனக்கும் கடைசி ரொட்டி,
அதற்குப் பிறகு சாவு என்று
கணக்கை முடித்து வைத்திருந்தவள்.
அவளிடம் போய்,
முதல் ரொட்டி எனக்கு என்றாரே அந்த இறைவாக்கினர்!
எனக்குக் கோபம் வந்தது.
"இவரும் வசூலுக்குத்தான் வந்திருக்கிறார்" என்று
எமிலியாவின் காதுக்குள் சொன்னேன்.
அவள் முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரித்தாள்.

இந்தச் செவ்வாய் கார்த்திகை மழை.
மோட்டச்சைக்கிள் என் படலைக்கு நேரே
இருமி இருமி நின்றுபோனது.
யன்னல் நீக்கலால் பார்த்தேன்.
வசீகரன், பெயரட்டை அப்படித்தான் சொல்லும்,
மழைக்கோட்டைக் கழற்றி
வசூல் புத்தகத்தைச் சுற்றி அணைத்துக்கொண்டு
தான் நனைந்தபடி நின்றான்.
நந்திக்கடல் பக்கத்துக் காற்று
பூவரசோடு சேர்த்து அவனையும் உலுப்பியது.
என் பெயரும் அந்தப் புத்தகத்துக்குள்தான்
நனையாமல் இருந்தது.

சும்மா இருந்திருக்கலாம்.
நெஞ்சுக்குள் யாரோ தட்டியதாகவெல்லாம் சொல்லமாட்டேன்.
அவனுடைய பல்லுக் கிடுகிடுத்தது மட்டும்தான் கேட்டது.
"தம்பி, விறாந்தையில ஏறும்" என்று
என் வாயே என்னைக் காட்டிக்கொடுத்தது.

பூட்டைப் பார்த்தான். யன்னலைப் பார்த்தான்.
"அக்கா, உள்ளுக்கையா நிக்கிறீங்கள்?"
"திறப்பு சாடிக்குக் கீழ கிடக்கு."

கதவைத் தட்டிக்கொண்டு ஆண்டவர் நிற்கும் படம்
என் சுவரிலும் தொங்குகிறது.
அந்தக் கதவுக்கு வெளியில் பிடியில்லை,
உள்ளே இருப்பவர்தான் திறக்கவேண்டும் என்பார்கள்.
என் கதவுக்குப் பிடியும் பூட்டும் வெளியில்.
விருந்தாளி திறந்து
வீட்டுக்காரியை வெளியே விட்டான்.

மாப்பேணியின் அடியில் கரண்டி உரசியது.
பழகிய சத்தம்.
செவ்வாய்க்கிழமைகளில் என் தொண்டைக்குள்ளும் அதுதான்.
இரண்டு ரொட்டிக்குக் கண்டது.
தேங்காய்ப்பூ இல்லை, உப்பும் சுடுதண்ணியும்தான்.
ஒன்றை மகளுக்கு மூடிவைத்தேன்.
மற்றது அவனுக்கு, ஒரு பிளேன்ரீயும்.
சீனியை உள்ளங்கையில் வாங்கி
சின்னப்பிள்ளை மாதிரி நக்கி நக்கிக் குடித்தான்.

"இண்டைக்கு இது எட்டாவது பூட்டு, அக்கா.
என்ர சம்பளத்திலதான் வெட்டுவாங்கள்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மூன்று விருந்தாளிகள் வந்த பகலில்
கூடாரத்துக்குப் பின்னால் நின்று சிரித்தாளே சாராள்,
அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்,
பயமும் பகிடியும் ஒன்றாய்.
அவனும் சிரித்தான். ரொட்டி புரைக்கேறியது.

பேணியைக் கழுவும்போது யோசித்தேன்.
அந்தப் பெண்ணின் பானை நிறைந்ததாக வாசிக்கவில்லையே.
முடியவில்லை என்றுதான் வாசித்தார்கள்.
அப்படியென்றால்
விடிய விடிய அவளும் அடியைத்தான் சுரண்டியிருப்பாள்.
இதே சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.
என்ன, போகப்போக
அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடாமல் இருந்திருப்பாள்.
திருப்தி என்ற சொல்
கடன் படிவத்தில் கையெழுத்துக்கு மேலே கிடக்கிறது,
அதை இதற்கு எடுக்க மனமில்லை.

மழை விட்டதும் புத்தகத்தை விரித்து
என் பெயருக்கு நேரே எழுதினான்:
ஆளில்லை.
எழுதிவிட்டு,
"பூட்டிக் குடுத்திட்டுப் போகவா அக்கா?" என்றான்.
"வேண்டாம், திறந்தபடி கிடக்கட்டும்."

அடுத்த செவ்வாய் இரண்டு தவணை.
என் வயிறு வெறுமையாய்த்தான் கிடந்தது.
அதுவும் எவ்வளவு காலமாய் வெளியில் நிற்கிறது!
வா, இரு என்று
பாயின் ஒரு பக்கத்தைத் தட்டிவிட்டேன்.
எமிலியா வீட்டுப் படலையில்
மோட்டச்சைக்கிள் திரும்ப நின்றது.
பூட்டுக்கு உள்ளே அவள் இருமலை அடக்குவது
எனக்கு இங்கே கேட்டது.